ஒரு பெயருக்கு இரண்டு சிட்டை

செவன் கிங்ஸ், லண்டன்
03.11.2002

அன்பு மருமகள் குமுதினிக்கு,

ஏழு அரசர்கள் ஆண்டதாகச் சொல்லப்படும் செவன் கிங்ஸ் பட்டினத்திலிருந்து, எட்டாவது ராசாவும் உன் ஒரே தாய்மாமனுமாகிய சண்முகராசா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் என்னைக் கேளாமல் தனியாட்சி நடத்துகிறது. உன் சுகமும் அக்காவின் சுகமும், வாசலில் கட்டியிருக்கும் அந்தக் கோபக்கார ஆட்டின் சுகமும் அறியத் தரவும்.

உனக்குக் கலியாணம் பொருந்திவிட்டது என்று வாசித்ததும், நான் வேலை செய்யும் பெற்றோல் செட்டில் ஒரு துள்ளுத் துள்ளினேன். இல்ஃபோர்ட் வரை நிலம் அதிர்ந்தது. மூன்று பஸ்கள் நின்றுவிட்டன. மாப்பிள்ளை பவித்திரனுக்குச் சொல்: லண்டன் மாநகரம் அவரைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டது.

இனி நீ கேட்ட காரியம். அழைப்பிதழில் உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா, விடுவதா? கடதாசி இல்லாமல் அந்தச் சொல்லை அச்சடிக்க விடமாட்டேன் என்று அக்கா நிற்கிறா. அவவில் பிழையில்லை. அத்தான் தர்மலிங்கம் 1985இல் கப்பலேறினார். அமெரிக்காவில் இறங்கி அங்கேயே கரைந்தார். 1991 வரை கடிதம் போட்டார். பிறகு 93இல் யாரோ ஒரு கப்பல்காரர் உங்கள் வாசலுக்கு வந்து "ஆள் போயிட்டார்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கூடக் குடியாமல் போனார். என்றைக்கு, எங்கே, எப்படி, ஒன்றும் இல்லை. அந்த இரண்டு சொல்லை நம்பி ஒரு பெண் பொட்டை அழிப்பாளா?

நீ கவலையை விடு. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தது ஒரு தரம். உன் அப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்காக நான் அதை இரண்டாந்தரம் கண்டுபிடிக்கிறேன். கடலெல்லாம் எனக்குத் துரும்பு. போன மாதம் வூலிச் படகில் தேம்ஸைக் கடந்தபோது, கப்டன் என்னிடம்தான் திசை கேட்டார்.

அத்தான் கடைசியாக இருந்த இடத்தின் விலாசத்தை மட்டும் பார்த்து எழுது. பழைய கடித உறை ஒன்றும் அனுப்பவேண்டாம், வழியில் தொலைந்துவிடும்.

நான் பிரித்தானியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆவணிக்குள் பாஸ்போட் கைக்கு வந்துவிடும். பதினாலு வருடத்துக்குப் பிறகு வந்திறங்கி, அப்பாவின் இடத்தில் நின்று உன்னைத் தாரை வார்ப்பேன். பலாலி விமான நிலையத்தில் யானை ஒன்று ஆயத்தமாக நிற்கட்டும்.

இன்றைக்கு இவ்வளவு போதும்,
உன் மாமா

*

மானிப்பாய்
24.11.2002

அன்புள்ள மாமா,

நாங்கள் நல்ல சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசட்டாம் என்று அம்மா சொன்னா. ஆடும் சுகம். நேற்றுத் தபால்காரரின் சைக்கிள் சீற்றைச் சாப்பிட்டுவிட்டது. உங்கள் கடிதம் தப்பியது எங்கள் புண்ணியம்.

கடிதத்தின் தலைப்பில் அப்பா எழுதியிருக்கும் விலாசம் இது: தபாற்பெட்டி 41, ஹெரன் பொயின்ற், மேசன்வில், ரெக்சாஸ்.

சிரிக்காமல் வாசியுங்கள் மாமா. ஆடி அமாவாசை விரதத்தை அப்பா இருப்பவர்கள் பிடிக்கக்கூடாது, இல்லாதவர்கள் விடக்கூடாது. ஒன்பது வருடமாக நான் அன்றைக்கு அரைக் கோப்பை தேத்தண்ணி மட்டும் குடிக்கிறேன். விரதமும் இல்லை, விரதம் இல்லாமலும் இல்லை. எனக்கு ஒரு முழுக் கோப்பை வேண்டும், அல்லது ஒன்றும் வேண்டாம். அம்மா இதைப்பற்றி வாய் திறக்கமாட்டா. "கடதாசி வரட்டும்" என்பதுதான் ஒரே பேச்சு.

இன்னொரு புதினம். அம்மா ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாரிடம் உங்கள் பெயரில் இரண்டு அர்ச்சனைச் சிட்டை எடுக்கிறா. இரண்டிலும் சண்முகராசாதான். ஒன்றுக்குப் பூசம் என்கிறா, மற்றதுக்கு அனுஷம் என்கிறா. போன கிழமை ஐயர் கேட்டே விட்டார்: "ஏன் பிள்ளை, ஒராளுக்கு ரெண்டு நட்சத்திரமோ?" அம்மா, "நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ ஐயா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. உண்மையில் உங்கள் நட்சத்திரம் எது?

வைகாசிக்குள் கார்ட் விஷயத்தை முடிவாகச் சொல்லச் சொல்லி அச்சகத்தில் நெருக்குகிறார்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
குமுதினி

*

செவன் கிங்ஸ்
12.01.2003

என் செல்வ மருமகளே,

பொங்கல் வாழ்த்து. இங்கே பனி. பால் பொங்கமுன் உறைந்துவிடும் போலிருக்கிறது. நான் நலம், முழங்கால் தன் பாட்டில்.

உன் அப்பா போய் ஒளித்த இடத்தை இல்ஃபோர்ட் நூலகத்துக் கொம்பியூட்டரில் பிடித்துவிட்டேன். பிடித்துப் பார்த்தால், பிள்ளை, அப்படி ஒரு ஊரே இல்லை! வீடு இருக்கிறது, இறால் படகு இருக்கிறது, ஒரு பெற்றோல் செட்டும் ஒரு தேவாலயமும் இருக்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஊர் இல்லை. மேயர் இல்லை, நகரசபை இல்லை. எங்கள் பக்கத்தில் விதானையார் என்று ஒருவராவது குடையோடு திரிவார். அங்கே அந்தக் குடையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தாலும் செத்தாலும் கவுண்டிக் கந்தோரில்தான் பதிவு. கவுண்டி என்றால் எங்கள் மாவட்டக் கந்தோரான கச்சேரி மாதிரி, அதைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிது.

கிறிஸ்மஸுக்கு முன்னே மேசன்வில் கவுண்டிக்கு எழுதினேன். பதில் வந்தது: ஐயா, உமது ஊருக்குக் கடிதம் எங்கள் தபாற்கந்தோரால்தான் போகிறது, ஊரோ வாய்க்காலுக்கு அப்பால் பக்கத்துக் கவுண்டியில் இருக்கிறது. பார்த்தாயா! கடிதம் ஒரு கவுண்டிக்கு வருகிறது, ஆள் மற்றக் கவுண்டியில் சாகிறார். உன் அப்பா மண்டையைப் போடவும் ஒரு சிக்கலான இடம் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

இப்போது வாய்க்காலுக்கு அப்பால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கதவுக்கும் யன்னலுக்கும் இடையே நடக்கிறேன். கூட இருக்கும் சபாரத்தினம் அண்ணை, "உன்ரை நடையிலை காப்பெற் தேயுது, வீட்டுக்காரன் எழுப்பப்போறான்" என்கிறார்.

நட்சத்திரம் கேட்டாய். நான் பிறந்தபோது இருபத்தேழு நட்சத்திரமும் என்னைத் தங்களுக்குத்தான் என்று அடிபட்டன. இரண்டு மிஞ்சின. அவ்வளவுதான்.

அவசரமாக முடிக்கும்,
மாமா

*

மானிப்பாய்
09.02.2003

அன்புள்ள மாமா,

நாங்கள் சுகம். நீங்கள் அதிகம் நடக்காதீர்கள், முழங்கால் தாங்காது.

இங்கே நிலைமை கொஞ்சம் சரியில்லை. பவித்திரனின் பெரியம்மா றோஸ்மலர் போன ஞாயிறு வந்தா. அம்மாவின் பொட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தகப்பன் இருக்கிறார் எண்டால் ஏன் வரேல்லை? இல்லை எண்டால் ஏன் இந்தப் பொட்டு? அங்கை ஒரு வெள்ளைக்காரியோடை குடும்பம் நடத்துறாரோ, ஆர் கண்டது" என்று என் முன்னாலேயே சொன்னா. அம்மா தேத்தண்ணியை அவவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய் ஆட்டுக்குக் குழை வெட்டத் தொடங்கிவிட்டா. குழை முடிந்த பிறகும் வெட்டிக்கொண்டே நின்றா.

பவித்திரன் நல்லவர். "கார்டிலை என்ன போட்டாலும் எனக்கு ஒண்டுதான்" என்கிறார். ஆனால் எனக்கு ஒன்றில்லை மாமா.

கெதியாக ஒரு முடிவு எழுதுங்கள்.

அன்பு மாறாத,
குமுதினி

*

செவன் கிங்ஸ்
16.03.2003

அன்பு மருமகளுக்கு,

சுகம். சுகம்தானே?

வாய்க்காலுக்கு அப்பாலிருந்து பதில் வந்துவிட்டது. தங்க எழுத்தில் இல்லை, சாதாரண மையில்தான். 1990 முதல் 1995 வரை தர்மலிங்கம் என்ற பெயரில் எவரும் அந்தக் கவுண்டியில் இறக்கவில்லையாம். ஆகவே அமெரிக்க வல்லரசின் கணக்குப்படி உன் அப்பா சிரஞ்சீவி. மார்க்கண்டேயனுக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். றோஸ்மலர் பெரியம்மாவிடம் இதைச் சொல், அவ மயங்கி விழட்டும்.

ஆகவே என் தீர்ப்பு: 'காலஞ்சென்ற' வேண்டாம். தர்மலிங்கம் யோகமலர் தம்பதிகளின் புதல்வி என்று அடியுங்கள். அப்பா வரவில்லையே என்று யாரும் கேட்டால், வேலை என்று சொல்லுங்கள். உலகத்தில் பாதிப்பேர் வேலை என்றுதான் வராமல் இருக்கிறார்கள். இனி இதைத் தோண்டவேண்டாம். அக்காவிடமும் பக்குவமாகச் சொல்.

அந்தப் பழைய கடித உறைகள் கிடந்தால் அடுப்பில் போடு. கறையான் பிடித்தால் வீட்டுக்குக் கூடாது.

முழங்கால் குத்துகிறது, எழுத ஏலாது.

மாமா

*

மானிப்பாய்
06.04.2003

மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உறைகளை அடுப்பில் போடச் சொன்னீர்கள். போடமுன் பார்த்தேன். அப்பாவின் கடிதங்கள் அலுமாரியில் கிடக்கும், அவற்றை நான் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். உறைகளை அம்மா வேறாகத் தன் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தா. ஒன்பது உறைகள். ஒன்பதின் பின்பக்கத்திலும் அப்பாவின் கையெழுத்தில் அனுப்புபவர் பெயர் இருக்கிறது.

சி. சண்முகராசா, ஹெரன் பொயின்ற்.

கடைசி உறையில் 1991 யூலை முத்திரை. அதே யூலையில் நீங்கள் லண்டனிலிருந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தீர்கள். அதுவும் என்னிடம் இருக்கிறது.

அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் எந்தப் பெயரில் தேடினீர்கள் மாமா? எந்தப் பெயரில் தேடியிருக்கவேண்டும்?

குமுதினி

*

மானிப்பாய்
18.05.2003

மாமா,

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. சுகமாக இருக்கிறீர்களா என்று அம்மா மூன்று தரம் கேட்டுவிட்டா. வேலை அதிகம் என்று சொன்னேன். நீங்கள் சொல்லித் தந்த பதில்தான்.

அச்சகத்துக்குப் போய் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டேன். பவித்திரன் வீட்டில் இனி அவர்கள் கேட்பதற்கு முன் நான் சொல்லவேண்டும். நீங்கள் ஒரு வரியாவது எழுதுங்கள். பகிடி இல்லாமல் எழுதினாலும் வாசிப்பேன்.

குமுதினி

*

செவன் கிங்ஸ்
02.06.2003

பிள்ளை குமுதினி,

இது ஏழாவது தாள். முந்திய ஆறிலும் நான் வீரனாக வந்தேன், அதனால் கிழித்துவிட்டேன்.

1985இல் கப்பல் வேலைக்குத் தெரிவானவன் நான். பாஸ்போட்டும் கப்பல்காரர் புத்தகமும் என் பெயரில்தான் வந்தன. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அத்தான் என்னை வழியனுப்பக் கொழும்புக்கு வந்தார். துறைமுகத்தில் அந்தக் கப்பலைக் கண்டேன். கப்பலைக்கூட இல்லை, அதற்கும் கரைக்கும் நடுவே கிடந்த அந்த ஒரு முழம் கறுத்தத் தண்ணியை. அப்போது கழன்றதுதான் இந்த முழங்கால். இன்றுவரை பூட்டவில்லை.

"எனக்கு ஏலாது அத்தான்" என்று அழுதேன். அவர் கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தார். "கிடைச்ச இடத்தை வீணாக்கக் கூடாது. நான் போறன். நீ அக்காவையும் பிள்ளையையும் பார்" என்றார். கொழும்பில் பாஸ்போட்டில் படம் மாற்றிக் கொடுக்க ஆள் இருந்தான். இரண்டு நாளில் உன் அப்பா சண்முகராசா ஆகிவிட்டார். என் பெயர், என் பிறந்த திகதி, என் தகப்பன் சின்னையா, எல்லாம் அவரோடு கப்பலேறின. நான் ஊருக்குத் திரும்பி, வைத்தியப் பரிசோதனையில் முழங்கால் தவறிவிட்டது, என் இடத்துக்கு அத்தானை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அக்கா நம்பினா. "முழங்கால் எப்படி" என்று இன்றைக்கும் கேட்கிறா.

அக்காவையும் பிள்ளையையும் பார் என்றாரே. அதையும் நான் செய்யவில்லை. மூன்று வருடத்தில் விமானமேறி இங்கே வந்துவிட்டேன். "பாஸ்போட் தொலைந்துபோனது" என்று ஹீத்ரோவில் கையெழுத்து வைத்தேன். இப்போது பிரசாவுரிமைக்காரர் அந்தக் கையெழுத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை தெரிந்தால் பிரசாவுரிமை போய்விடும், அதனால்தான் தர்மலிங்கம் என்று தேடினேன். கிடைக்காது என்று தெரிந்துகொண்டே தேடினேன். வூலிச் படகு என்று முந்தி அளந்தேன், அதில்கூட ஒரு நாளும் ஏறியதில்லை. சுற்றிக்கொண்டு றெயிலில் போவேன்.

என் நட்சத்திரம் பூசம். அனுஷம் அத்தானுடையது. அக்கா ஏன் அதை என் பெயரோடு சொல்கிறா என்று நினைக்க எனக்கு நித்திரை வருவதில்லை.

சரியான பெயரில் விண்ணப்பம் எடுத்தேன். அதில் ஒரு பெட்டி: இறந்தவருக்கு நீர் என்ன முறை? இரண்டு மணித்தியாலம் பேனையோடு இருந்தேன். என் அடையாள அட்டையைக் காட்டி என் மரணப் பதிவை நானே கேட்டால் என்ன முறை என்று எழுதுவது? 'நானேதான்' என்றா? சபாரத்தினம் அண்ணை சொன்னார்: "எமன் கூட இப்பிடி ஒரு வழக்கைக் கண்டிருக்க மாட்டான்ரா."

நெருங்கிய உறவுக்குத்தான் பிரதி கொடுப்பார்கள். சண்முகராசாவுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே உறவு அவன் அக்கா. விண்ணப்பத்தை நிரப்பி, முறை என்ற இடத்தில் சகோதரி என்று ஆங்கிலத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சமாதான நீதவான் முன்னால் அக்கா கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கு அவவிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். நான் சொல்லவேண்டியது. கடிதத்தை நீ வாசி. பகிடி வரும் இடத்தை விட்டுவிடு.

சண்முகராசா

*

மானிப்பாய்
14.06.2003

அன்புள்ள மாமா,

நாங்கள் சுகம். உங்களுக்குச் சுகம் வரட்டும்.

கடிதத்தை அம்மாவுக்கு முழுக்க வாசித்தேன். பகிடியையும் விடவில்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. கப்பல் வந்த இடத்தில் சுளகு நின்றது. முழங்கால் வந்த இடத்தில் திரும்பவும் புடைக்கத் தொடங்கினா. முடிந்ததும், "ஆர் சமாதான நீதவான்? தர்மேந்திரன் மாஸ்டரோ? வா" என்று சேலை மாற்றப் போனா. அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. உங்களில், அப்பாவில், எல்லாரிலும். இன்னும் முழுக்கப் போகவில்லை. அதையும் எழுதத்தானே வேண்டும்.

மாஸ்டர் வீட்டில்தான் விபரீதம். அம்மா கண்ணாடியைப் போட்டு விண்ணப்பத்தை ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தா. பிறகு பேனையை எடுத்து, நீங்கள் எழுதிய சகோதரியை ஒரே கோட்டில் வெட்டி, மேலே ஆங்கிலத்தில் 'மனைவி' என்று எழுதிவிட்டா.

மாஸ்டர் திடுக்கிட்டார். "பிள்ளை, இது உம்மடை தம்பியின்ரை பேரெல்லே?"

"பேர் தம்பியின்ரை. ஆள் என்ரை."

"சட்டப்படி..."

"மாஸ்டர், பதினெட்டு வருசமா நான் ஒரு கடதாசியிலையும் பொய் எழுதேல்லை. இப்பவும் எழுதேன். நீங்கள் முத்திரையைக் குத்துங்கோ."

அவர் குத்தினார். முத்திரை சாய்வாக விழுந்திருக்கிறது, பார்ப்பீர்கள். வேறு படிவம் எடுத்துத் திரும்பவும் தொடங்கினால் ஆவணி வந்துவிடும். இதை அனுப்பலாமா, எல்லாம் பிழையாகிவிட்டதா? நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும். அம்மாவின் அடையாள அட்டைப் பிரதியும் உள்ளே.

குமுதினி

*

செவன் கிங்ஸ்
16.07.2003

என் அன்பு மருமகளுக்கும், அவளைப் பெற்ற என் அக்காவுக்கும்,

நான் நலம். இதை உயிரோடு இருக்கும் ஒருவன் எழுதுகிறான் என்பதை முதலில் நம்பவும். ஏனென்றால் சான்று வேறு மாதிரிச் சொல்கிறது.

அக்காவின் வெட்டைப் பார்த்தேன். உடன்பிறந்தவளை மனைவி என்று எழுதிய விண்ணப்பம் உலகம் தோன்றிய நாள்முதல் இதுதான். இருந்தும், அவ வெட்டியதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. கூரியரில் அனுப்பினேன். பதினைந்து நாள் தபால் பெட்டிக்குள்ளேயே குடியிருந்தேன் என்று வைத்துக்கொள். போன கிழமை பத்திரம் வந்தது.

1992 பெப்ரவரி 8, பின்னேரம் நாலு மணி. இருதயம். படகில் இல்லை, கடலில் இல்லை. கரையில், வலை தைத்துக்கொண்டிருந்தபோது. பெயர் என்னுடையது. பிறந்த திகதி என்னுடையது. தகப்பன் பெயர் என் தகப்பனுடையது. இப்படி மேலிருந்து கீழ்வரை பொய்யாகவே வந்துகொண்டிருந்த கடதாசியில், வாழ்க்கைத்துணை என்ற பெட்டியில் மட்டும் 'யோகமலர்' என்று இருக்கிறது.

மற்றதெல்லாம் நான் கொடுத்த பெயரில் வாழ்ந்த மனிதர், அந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. அக்கா எழுதிய 'மனைவி'யும் அவர் சொல்லிவைத்த மனைவியும் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு கந்தோரில் பொருந்திவிட்டன. நான் எழுதிய சகோதரி போயிருந்தால், பத்திரம் வந்திருக்குமோ என்னவோ.

தகவல் கொடுத்தவர் டொலறஸ் என்று ஒரு பெண். றோஸ்மலர் பெரியம்மா கற்பனையை அவிழ்க்கமுன் எழுதுகிறேன்: கவுண்டிக்காரர் வழியாக நம்பர் எடுத்துத் தொலைபேசியில் பேசினேன். அத்தான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. அவவுக்கு எண்பத்திரண்டு வயது, காதும் கொஞ்சம் மந்தம். "நீர் யார்" என்று கேட்டா. பெயரைச் சொன்னேன். "அந்தப் பெயரின் கல்லைத்தான் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கழுவுகிறேன்" என்றா. நான் பகிடி விடாமல் வைத்த முதல் தொலைபேசி அதுதான்.

இல்ஃபோர்ட் கோயில் ஐயரிடம் திதி கேட்டேன். அங்கே பின்னேரம் நாலு மணி என்றால் மானிப்பாயில் அடுத்த நாள் விடியமுன் அல்லவா, எந்த நாளைப் பிடிப்பது என்று ஒரு மணித்தியாலம் வாதாடினேன். "உயிர் போன இடத்து நேரம்தான் ஐயா, அதுக்கு மேலை என்னைக் கொல்லாதேங்கோ" என்றார். தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி. குமுதினி, இந்த ஆடி அமாவாசைக்கு நீ அரைக் கோப்பையும் குடிக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. அந்தக் கல்லிலும் பத்திரத்திலும் அத்தானின் பெயர் வரவேண்டும். அதற்கு நடந்ததை அறிந்த ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். இங்கே ஒரு சட்டத்தரணியிடம் போனேன். "முதலில் பாஸ்போட்டை எடும், கலியாணத்துக்குப் போய்வாரும், பிறகு சத்தியத்தைப் பார்க்கலாம்" என்றார். புத்தியுள்ள மனிதர். நானும் கதவுக்கும் யன்னலுக்கும் நடுவே மூன்று நாள் அவருடைய புத்தியோடு நடந்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னும் ஒரு பயணத்துக்காகப் பெயரை மாற்றினோம். இந்த முறை பெயருக்காகப் பயணத்தை விடுகிறேன். நேற்றுப் பின்னேரம் சத்தியம் செய்தேன். ஒரு பிரதி ரெக்சாஸுக்கு, ஒரு பிரதி பிரசாவுரிமை கொடுக்கும் ஹோம் ஒபிஸுக்கு. என்ன வரும் என்று தெரியாது. ஆவணிக்குப் பாஸ்போட் வராது என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தபாலைப் போட வூலிச்சுக்குப் போனேன். இங்கே தெருமுனையிலேயே தபாற்பெட்டி இருக்கிறது. இருந்தும் போனேன். படகில். ஐந்து நிமிடப் பயணம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். கப்டன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

யானையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சின்னையா சண்முகராசா
(இறப்பு: ரத்துச் செய்யப்படும்)

*

சிவமயம்

மானிப்பாய்
03.08.2003

தம்பி சண்முகம்,

நாங்கள் இஞ்சை சுகம். உன்ரை முழங்கால் எப்பிடி? எண்ணெய் பூசுறியோ, இல்லை எழுதுறதோடை சரியோ? எனக்கு உன்னைப்போல எழுத வராது. பிள்ளை எழுதித் தாறன் எண்டாள். வேண்டாம், இது நான் எழுதவேணும் எண்டு சொல்லிப்போட்டன்.

ஆடி அமாவாசைக்குப் பிள்ளை முழு விரதம் பிடிச்சாள். காத்தோட்டிக்காய் பொரிச்சு, எட்டுக் கறி வைச்சுப் படைச்சனாங்கள். காகம் உடனை வந்தது. கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பொட்டை நானே எடுத்தன். வேறை ஒருத்தரையும் எடுக்க விடேல்லை. றோஸ்மலர் வந்து பத்திரத்தைக் கையிலை வாங்கிப் பாத்தவ. என்ரை பேர் இருக்கிற பெட்டியைப் பிள்ளை தொட்டுக் காட்டினவள். மனிசி தேத்தண்ணியை வைச்சுப்போட்டு அழுதுது. பாவம்.

எனக்குத் தெரியும் தம்பி. அவர் கப்பலேற முதல் கொழும்பிலையிருந்து ஒரு துண்டுக் கடதாசி போட்டவர். "இனி எனக்கு அர்ச்சனை செய்யிறதெண்டால் தம்பியின்ரை பேரிலை செய், அந்தப் பேரிலைதான் போறன். எனக்குத் தெரியும் எண்டு அவனுக்குச் சொல்லாதை. பயந்துபோனான். வெக்கப்படுவான்" எண்டு எழுதியிருந்தார். ஒராள் சொல்லாதை எண்டார், ஒராள் சொல்லேல்லை. நான் நடுவிலை இருந்தன். ஒவ்வொரு கடிதத்திலையும் முழங்காலைக் கேட்டன். நீ முழங்காலைப் பற்றியே எழுதினாய்.

அந்தக் கப்பல்காரர் வந்து சொன்ன பிறகு உன்னட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டால் உன்ரை சீவியம் அங்கை என்னாகுமோ எண்டு பயம். கேக்காட்டில் அவர் ஆரோ ஒருத்தராய்க் கிடக்கிறார். உன்னைக் கேட்க வாய் வரேல்லை. கடதாசியைக் கேட்டன்.

நீ வரமாட்டாய் எண்டது விளங்குது. தாரை வார்க்கிற இடத்திலை அவரின்ரை தமையன் நிக்கிறார். நீ படகிலை ஏறினதை நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஐஞ்சு நிமிசம் எண்டு சொல்லேல்லை. உன்ரை கணக்கிலை ஐஞ்சு நாள் எண்டு வைச்சுக்கொள்.

கார்ட் ஒண்டு உள்ளுக்கு வைச்சிருக்கிறன். 'காலஞ்சென்ற தர்மலிங்கம்' எண்டு அடிச்சிருக்கு. கீழை பார். 'தாய்மாமன்: சின்னையா சண்முகராசா, லண்டன்.' அதுக்கு முன்னாலை ஒரு சொல்லும் இல்லை. நீ இருக்கிறாய் எண்டதுக்கு அமெரிக்கா கடதாசி தரமுன்னம் நாங்கள் தந்திருக்கிறம். கவனமாய் வை.

முந்தநாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனனான். ஐயர் வழக்கம்போல ரெண்டு சிட்டை கிழிச்சார். ஒண்டு காணும் எண்டன். நிமிர்ந்து பாத்திட்டு, "அப்ப எந்த நட்சத்திரம்?" எண்டார்.

பூசம் எண்டு சொன்னன்.

உன்ரை அக்கா
யோகமலர்